விளக்கு எரிகிறது, ஊர் இருட்டில்!

கார்த்திகைத் திங்கள் வந்துவிட்டால் தமிழ்நாட்டில் விளக்கில்லாத வாசல் இல்லை. குடிசையிலும் அகல், மாளிகையிலும் அகல். அந்த அகலை வாங்க முன்பெல்லாம் சந்தைக்குப் போனோம். குயவர் தெருவுக்குப் போனோம். இன்று கைபேசியை எடுத்து விரலால் தொட்டால் போதும், அகல் வீடு தேடி வருகிறது. நல்லதுதான்! காலம் மாறுகிறது, கடையும் மாறுகிறது. மாறக்கூடாது என்று கூறும் பழமைவாதிகள் அல்லோம் நாம்.

ஆனால், அந்தத் திரைக்கடையில் அகலுக்குப் பக்கத்தில் என்னென்ன எழுதப்பட்டிருக்கின்றன என்பதைச் சற்றே நின்று படித்துப் பார்த்தோமா? கோடு கிழித்து அடிக்கப்பட்ட ஒரு பெரிய விலை. அதன் கீழே ஒரு சிறிய விலை. 'இரண்டே இரண்டுதான் மிச்சம்' என்று ஓர் எச்சரிக்கை. 'இன்னும் சில மணி நேரமே' என்று ஓடும் ஒரு கடிகாரம். 'இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்' என்று ஒரு பரிந்துரை. நட்சத்திரக் குறிகள் நாலரை! இத்தனையும் இருக்கின்றன. இந்த அகலைச் செய்தவர் யார்? எந்த ஊர் மண்? எந்த ஊர்ச் சூளை? அதைத் தேடினால், திரையை மேலும் கீழும் தள்ளித் தள்ளி விரல்தான் தேய்கிறது.

வாங்கு, வாங்கு என்று சொல்ல ஆயிரம் வாய். செய்தவர் யார் என்று கேட்டால் மட்டும் ஊமை வாய்! இந்த ஊமைத்தனம் தற்செயலா, திட்டமா? இன்று இதைத்தான் ஆராய வேண்டியிருக்கிறது.

முதுகுன்றத்து மண்

கடலூர் மாவட்டத்தில், மணிமுத்தாற்றங்கரையில் இருக்கிறது விருத்தாசலம். விழுப்புரத்திலிருந்து திருச்சிக்குப் போகும் இருப்புப்பாதையில், ஒருபுறம் சேலத்துக்கும் மறுபுறம் கடலூருக்கும் கிளை பிரியும் சந்திப்பு அது. அவ்வூரின் பழந்தமிழ்ப் பெயர் முதுகுன்றம். முதுமையை 'விருத்தம்' என்றும், குன்றை 'அசலம்' என்றும் வடமொழியாக்கி விருத்தாசலம் என்றார்கள். பெயர் போயிற்று, பொருளாவது தங்கிற்று. இன்றைய வணிகமோ, பெயரையும் விடவில்லை, பொருளையும் விடவில்லை. ஊரையே அழித்துவிட்டுச் சரக்கை மட்டும் விற்கிறது!

பீங்கான் ஊர் என்றே இதனை அழைப்போர் உண்டு. காரணம், அண்டையில் இருக்கும் நெய்வேலி. பழுப்பு நிலக்கரிக்காக அங்கே நிலத்தைத் தோண்டியபோது, கரிக்கு மேலே கிடந்த அடுக்குகளில் வெண்களிமண்ணும் கிடைத்தது. 1956-இல் நிறுவப்பட்ட நெய்வேலி நிறுவனத்தால் நாட்டுக்கு மின்சாரம் வந்தது. விருத்தாசலத்துக்கு மண்ணும் வந்தது. அந்த மண்ணை நம்பி அரசினர் பீங்கான் தொழிற்பேட்டை எழுந்தது. தொழிலைக் கற்பிக்க அரசினர் பயிலகமும் எழுந்தது. மின்சாரப் பெட்டியில் இருக்கும் பீங்கான் கட்டையிலிருந்து, கொலுப்படியில் அமரும் பொம்மை வரை, அகலிலிருந்து ஆலைக்கு வேண்டிய தீக்கல் வரை அங்கே உருவாயின.

ஒரு பீங்கான் பொம்மை எப்படிப் பிறக்கிறது என்பது வாங்குவோரில் எத்தனை பேருக்குத் தெரியும்? களிமண்ணோடு வேறு கற்பொடிகளையும் சேர்த்து, நீர்விட்டு, உருளையில் பல மணி நேரம் அரைத்துக் கூழாக்குகிறார்கள். அந்தக் கூழைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்ச உறிஞ்ச, உட்சுவரில் மண் படிகிறது. வேண்டிய கனம் படிந்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டு அச்சைப் பிரிக்கிறார்கள். பிறகு பிசிறைச் சீவவேண்டும், வெடிக்காமல் உலர்த்தவேண்டும், ஆயிரம் பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் சூளையில் சுடவேண்டும், மெருகு பூசவேண்டும், வண்ணம் தீட்டவேண்டும். உலர்கையில் சுருங்கும், சுடுகையில் மேலும் சுருங்கும். ஒரு பக்கம் கனத்துவிட்டால் கோணும். ஈரம் மிஞ்சினால் வெடிக்கும். சூளை திறக்கும் நாளில், உள்ளே வைத்தது முழுவதும் வெளியே வரும் என்று எந்தப் பட்டறைக்காரரும் சொல்லிவிட முடியாது. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். சூளைக்காரர் கணக்கும் அதுவே.

இவ்வளவு உழைப்பும் திரைக்கு வந்து சேரும்போது என்ன ஆகிறது? ஒரு படம், ஒரு விலை. அவ்வளவே!

அழைப்பது வேறு, உதவுவது வேறு

விற்பவன் பேசக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சந்தையில் பானை விற்கும் மூதாட்டியும் பேசுகிறாள். 'கல்லு மாதிரி இருக்கும் கண்ணு' என்கிறாள். அதுவும் விளம்பரந்தான். ஆனால், அவள் முன்னே நிற்பவர் என்ன செய்கிறார்? பானையைக் கையில் எடுத்து, விரல் மடக்கித் தட்டிப் பார்க்கிறார். கணீரென்று ஒலித்தால் நல்ல பானை. மந்தமாக ஒலித்தால் கீறல் விழுந்த பானை. அவள் பேச்சுக்கு இவர் செவி சாட்சி. மறுவாரம் அதே சந்தையில் அதே இடத்தில் அவள் இருப்பாள். பானை ஒழுகினால் கேட்கலாம். பேச்சு உண்டு, அதைச் சோதிக்க வழியும் உண்டு, பொய்த்தால் கேட்க ஆளும் உண்டு. இந்த மூன்றும் சேர்ந்திருப்பதுதான் நேர்மையான வணிகம்.

திரையைத் தட்டிப் பார்த்தால் என்ன ஒலி கேட்கும்? எல்லாப் பானைக்கும் ஒரே கண்ணாடி ஒலிதான்! செவி போன இடத்தில் நட்சத்திரக் குறி வந்து உட்கார்ந்தது. அந்தக் குறியை இட்டவர் பொருளை வாங்கியவரா, கூலி வாங்கியவரா? இந்த ஐயம் அரசாங்கத்துக்கே வந்துதான், இணையத்தில் வரும் நுகர்வோர் கருத்துகளைத் திரட்டுவதும் வெளியிடுவதும் எப்படி இருக்கவேண்டும் என்று 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஒரு தரத்தை வெளியிட்டது. பின்பற்றினால் பின்பற்றலாம் என்ற அளவில் வந்தது அது. விரும்பினால் உண்மை சொல்லுங்கள் என்று வணிகரிடம் வேண்டிக்கொள்ளும் விந்தையை என்னென்பது!

ஆக, எந்தக் கடையையும் அளக்க மூன்று கேள்விகள் போதும். அழைப்பதற்குச் சொல்வதெல்லாம் உண்மையா? அறியவேண்டியதை மறைக்காமல் காட்டுகிறதா? உள்ளே நுழையும் வாயில் எவ்வளவு அகலமோ, வெளியேறும் வாயிலும் அவ்வளவு அகலமா? இந்த மூன்றுக்கும் 'ஆம்' என்று விடை தரும் கடை மக்களுக்கு உதவுகிறது. தராத கடை மக்களை மயக்குகிறது.

பதின்மூன்று மாய வித்தைகள்

மயக்கும் கலை புதியதன்று. வாங்குவோரின் மனத்தை உளவியல் கொண்டு ஆராய்ந்து, அவரறியாமலே அவரை வசப்படுத்தும் விளம்பர முறைகளை, அமெரிக்கச் செய்தியாளர் வான்ஸ் பேக்கர்டு 1957-இலேயே ஒரு நூலில் அம்பலப்படுத்தினார். அன்று விளம்பரக்காரர் ஊரார் அனைவருக்கும் ஒரே சுவரொட்டியை ஒட்டினார். இன்றைய திரைக்கடையோ ஒவ்வொருவர் மடியிலும் உட்கார்ந்து, அவர் நேற்றுத் தேடியது என்ன, எதன்மேல் கண் தங்கியது என்பதைக் குறித்துக்கொண்டு, ஆளுக்கொரு சுவரொட்டி ஒட்டுகிறது.

இந்த வித்தைகளை நாம் கற்பனையாகக் கூறவில்லை. 2023 நவம்பர் 30-ஆம் நாள், நடுவண் அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே பதின்மூன்று வித்தைகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டுத் தடை செய்தது. தட்டுப்பாடு இல்லாத சரக்குக்கு 'இன்னும் இரண்டே' என்று பொய் அவசரம் காட்டுவது ஒன்று. வாங்குவோர் கேளாத பொருளைக் கூடைக்குள் நைசாக நுழைப்பது ஒன்று. வேண்டாம் என்று சொல்ல வந்தவரைக் கூசச் செய்து இணங்க வைப்பது ஒன்று. ஒரு விலை காட்டி அழைத்து, பணம் கட்டும் கடைசிப் படியில் அந்தக் கட்டணம், இந்தக் கட்டணம் என்று துளித்துளியாக ஏற்றுவது ஒன்று. விளம்பரத்துக்குச் செய்தி வேடமும் கருத்து வேடமும் போட்டு அனுப்புவது ஒன்று. சேர்வதை எளிதாக்கி, விலகுவதை அரிதாக்குவது மற்றொன்று.

விலகுவதை அரிதாக்குவது எவ்வாறு என்பதற்குக் கடல் கடந்த சான்று ஒன்று உண்டு. 2023 ஜூனில் அமெரிக்க மத்திய வணிக ஆணையம் அமேசான் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. பிரைம் என்னும் சந்தாத் திட்டத்தில் முறையான ஒப்புதல் இன்றி மக்களைச் சேர்த்தது, விலக வந்தவர்களை அலைக்கழித்தது என்பவை குற்றச்சாட்டுகள். விலகும் வழிக்கு அந்த நிறுவனத்துக்குள் வழங்கிய பெயர் 'இலியட்' என்று வழக்குரை கூறிற்று. இலியட் என்பது கிரேக்கர்களின் நெடுங்காவியம். பத்தாண்டு நடந்த டிராய்ப் போரைப் பாடுவது. விலகுவது நெடும்போராக இருக்கட்டும் என்றுதான் அப்பெயர் இட்டார்களோ, என்னவோ! 2025 செப்டம்பரில், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, 250 கோடி டாலர் தருவதற்கு நிறுவனம் இணங்கியது. அதில் 150 கோடி, சந்தாதாரர்களுக்குத் திருப்பித் தரவேண்டிய பணம்.

செல்வம் கொழிக்கும் அமெரிக்காவில், ஆங்கிலம் தாய்மொழியான மக்களுக்கே இந்தக் கதி என்றால், முதன்முறையாகக் கைபேசியில் பொருள் வாங்கும் நம் வீட்டு அன்னையின் நிலை என்ன?

முன்வரிசை யாருக்கு?

வாங்குவோரை மயக்குவது ஒரு பாதி. செய்வோரை மறைப்பது மறு பாதி.

சந்தையில் முன்வரிசை, விடியுமுன் வந்து கடை விரித்தவருக்கு. திரைக்கடையில் முன்வரிசை யாருக்கு? நல்ல பொருளுக்கா, நயமான விலைக்கா, அல்லது விளம்பரப் பணம் கட்டியவருக்கா? தேடிய பொருளின் முதல் சில படங்களுக்கருகே, பொடி எழுத்தில் 'விளம்பரம்' என்னும் பொருள்படும் ஒரு சொல் இருக்கிறதா என்று பாருங்கள். விடை தானாகக் கிடைக்கும். விலை ஒப்பீட்டில் தன்னுடைய சேவையை முன்னே வைத்துப் பிறரைப் பின்னே தள்ளியது என்று கூறி, 2017 ஜூனில் ஐரோப்பிய ஆணையம் கூகுள் நிறுவனத்துக்கு 242 கோடி யூரோ தண்டம் விதித்தது. 2024 செப்டம்பரில் ஐரோப்பிய உயர்நீதி மன்றம் அதை உறுதி செய்தது. இங்கே, சில விற்பனையாளர்களுக்கு மட்டும் முன்னுரிமை தரப்படுகிறது என்ற வணிகர் அமைப்பின் புகாரின்மீது, 2020 ஜனவரியில் இந்தியப் போட்டி ஆணையம் அமேசான், பிளிப்கார்ட் ஆகிய இரண்டின்மீதும் விசாரணைக்கு ஆணையிட்டது. நிறுவனங்கள் குற்றச்சாட்டை மறுத்தன, நீதிமன்றப் படிகளேறின.

ஆனைகள் மோதும் இந்தக் களத்தில், ஒற்றைச் சூளை வைத்திருக்கும் விருத்தாசலத்துப் பட்டறைக்காரர் எந்த வரிசையில் நிற்பார்? நிற்க இடமே இல்லாதபடி சட்டமும் நெடுநாள் அவரைத் தடுத்தது. தெருவில் விற்கும் சிறு வணிகருக்குப் பொருள்கள் சேவை வரியில் பதிவு வேண்டாம் என்று விலக்கு உண்டு. அதே சரக்கை இணைய அங்காடி வழியாக விற்றால், ஒரு ரூபாய்க்கு விற்றாலும் பதிவு கட்டாயம் என்று வைத்தார்கள். 2023 அக்டோபர் முதல் நாள்தான் அந்தக் கட்டு சற்றே தளர்ந்தது. அதுவும் மாநில எல்லைக்குள் விற்போருக்கு மட்டும். விருத்தாசலத்து அகல் சென்னைக்குப் போகலாம். அண்டையில் இருக்கும் புதுச்சேரிக்குப் போனால் அந்த விலக்கு இல்லை! உலகமே உன் சந்தை என்று ஆசை காட்டிவிட்டு, பக்கத்து ஊரில் வேலி போட்டார்கள்.

விளைவு என்ன? பட்டறைக்காரர் மொத்த வணிகரிடம் கொடுக்கிறார். அவர் பெட்டி மாற்றுகிறார். அடுத்தவர் அழகான பெயர் சூட்டுகிறார். திரையில் ஏறும்போது சரக்கு மட்டும் இருக்கிறது, சூளை இல்லை. பெயரில்லாத பொருளுக்குப் பேரம் பேசும் வலிமை இல்லை. எங்கிருந்து வந்தாலென்ன, எது மலிவு என்பதே கேள்வியாகிவிடுகிறது. வெளிநாட்டு எந்திரத்தில் வார்த்ததும், முதுகுன்றத்துப் பெண் கையால் வண்ணம் தீட்டியதும் ஒரே தட்டில்! ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டிருந்தால் அல்லவா, அடுத்த ஆண்டும் அந்த ஊர்ச் சரக்கே வேண்டும் என்று கேட்பார்கள்?

வாடிக்கையாளரே மன்னராம்!

அன்பர்கள் சிலர் சீறுகிறார்கள். 'வாடிக்கையாளரே மன்னர்; அவருக்குப் பிடிக்கிறது, வாங்குகிறார்; உங்களுக்கென்ன?' என்கிறார்கள். மன்னர்தான், மறுக்கவில்லை. ஆனால், எந்த மன்னரின் அவையிலும் உண்மையை மறைத்த அமைச்சனுக்குப் பரிசு கொடுத்ததாகக் கேட்டதில்லை. தெரிந்து தேர்ந்தெடுப்பவர் மன்னர். தெரியாமல் தேர்ந்தெடுக்க வைக்கப்படுபவர், முடி சூட்டப்பட்ட கைதி!

'அப்படியானால் இணைய அங்காடிகளை மூடிவிடச் சொல்கிறீர்களா?' என்று அடுத்த கேள்வி. இல்லை. நடக்கவியலாத முதியவருக்கு வீட்டு வாசலில் பொருள் வருகிறது, அது பணி. பிடிக்காததைத் திருப்பி அனுப்ப முடிகிறது, அது பணி. தரகரைத் தாண்டிச் சென்னைக்கும் மும்பைக்கும் சரக்கு அனுப்ப ஒரு சிலருக்கேனும் வழி பிறந்திருக்கிறது, அதுவும் பணி. பாராட்டுகிறோம். அந்தப் பணியைக் காட்டி மயக்கத்தை நியாயப்படுத்துவதைத்தான் எதிர்க்கிறோம். ஆற்றைக் கடத்திவிடும் ஓடக்காரர் கூலி வாங்கலாம், பையைத் துழாவக்கூடாது.

ஏட்டுச் சுரைக்காய்

'சட்டம் வேண்டுமே!' என்பர். சட்டம் இருக்கிறது. பொட்டலப் பொருள் விதிகள் 2017-இல் திருத்தப்பட்டு, 2018 ஜனவரி முதல், செய்தவர் பெயரும் முகவரியும் உள்ளிட்ட விவரங்களை இணைய அங்காடியும் திரையில் காட்டவேண்டும் என்றாயிற்று. 2020-இல் வந்த மின்வணிக விதிகள், சரக்குகளை எந்த அடிப்படையில் வரிசைப்படுத்துகிறோம் என்பதை எளிய மொழியில் விளக்கவேண்டும் என்கின்றன. வாங்குவோர் கேளாமலே குறியிட்டு வைத்த கட்டங்கள் கூடாது என்கின்றன. புகாரை 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு திங்களில் தீர்க்கவேண்டும் என்கின்றன. பிறகு வந்ததுதான் பதின்மூன்று வித்தைகளுக்கான தடை. 2025 ஜூனில் ஆணையம் என்ன செய்தது? மூன்று திங்களுக்குள் உங்களை நீங்களே தணிக்கை செய்துகொள்ளுங்கள் என்று நிறுவனங்களுக்கு அறிவுரை கூறிற்று. பாலுக்குப் பூனையையே காவல் வைத்து, எவ்வளவு குடித்தாய் என்று அதனிடமே கணக்குக் கேட்கிறார்கள்! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

எளிய மொழி என்கிறது விதி. எந்த மொழி எளிய மொழி? 2020-இல் பிளிப்கார்ட்டும் அமேசானும் தமிழில் கடை விரித்தன. வரவேற்றோம். விற்பதற்குத் தமிழ் தெரிந்தவர்களுக்கு, விளக்குவதற்கும் தமிழ் தெரிந்திருக்க வேண்டும். 'வாங்கு' என்பது தமிழில் இருந்தால், திருப்பித் தரும் நிபந்தனையும், வரிசைப்படுத்தும் முறையும், புகார் செய்யும் வழியும், விலகும் வாயிலும் தமிழிலேயே, அதே அளவு எழுத்திலேயே இருக்கவேண்டும். கேட்பது சலுகை அன்று, உரிமை. நுகர்வோருக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு என்று 1962 மார்ச்சில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி அந்நாட்டுப் பேரவைக்குச் செய்தி விடுத்தார். நம் நாட்டு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் அதையே சொல்கிறது. சொன்னதைச் செய்யுங்கள் என்பதுதான் நம் கோரிக்கை.

செய்யவேண்டியது

நடுவண் அரசு, நிறுவனங்களின் வாக்குமூலத்தை நம்பாமல், தன் ஆட்களைக் கொண்டு தணிக்கை செய்து முடிவுகளை வெளியிட வேண்டும். சிறு பட்டறைக்கான வரி விலக்கை மாநில எல்லையில் நிறுத்தாமல் நாடு முழுவதற்கும் விரிக்கவேண்டும். மாநில அரசு, 2023-இல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததுபோல, தொழிலூர்கள் ஒவ்வொன்றின் பெயரும் சரக்கோடு பயணம் செய்ய வழிகாண வேண்டும். அரசின் பூம்புகார் விற்பனை நிலையங்களும் அவற்றின் திரைக்கடையும் இதில் முன்மாதிரியாகட்டும். செய்த ஊரும் செய்த கையும் விலைக்கு மேலே எழுதப்படட்டும். தனியாருக்கு ஒரு நீதி, நமக்கு ஒரு நீதி என்று நாம் கூறமாட்டோம்.

வாங்குவோராகிய நமக்கும் கடமை உண்டு. கடிகாரம் ஓடினால் ஓடட்டும், நாம் ஓடவேண்டாம். செய்தவர் யார் என்று தேடுவோம்; இல்லையென்றால் ஏன் இல்லை என்று எழுதிக் கேட்போம். ஏமாற்றப்பட்டால் விதியை நொந்துகொண்டு வாளாவிராமல், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்துப் புகார் பதிவோம். ஒருவர் கேட்டால் முணுமுணுப்பு. ஊர் கேட்டால் முழக்கம்!

அகல், தன்னைச் சுற்றியிருப்பதையெல்லாம் காட்டும்; தன் அடியில் மட்டும் இருள் வைத்திருக்கும். அது விளக்கின் இயல்பு. ஆனால், அந்த அகலைச் செய்த ஊரை இருளில் வைப்பது இயல்பு அன்று, வணிகத்தின் சூழ்ச்சி. இயல்பை மாற்ற இயலாது. சூழ்ச்சியை மாற்றலாம், மாற்றவேண்டும். அடுத்த கார்த்திகைக்கு நம் வாசலில் எரியும் அகலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்போம். அதன் அடியில் ஓர் ஊரின் பெயர் இருக்கட்டும்!